வீட்டு வரி நோட்டீஸில் எந்த எண்ணோடு மல்லுக்கட்டுவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவில், காலின் கவுன்டி பக்கம், 2024 கோடையில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். 2025 ஜனவரியிலிருந்து ஹோம்ஸ்டெட், அதாவது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை, இருக்கிறது. போன ஆண்டு 6,10,000 டாலராக இருந்த மதிப்பு இந்த ஏப்ரலில் வந்த நோட்டீஸில் 6,95,000 ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்கு, அதே பில்டர், அதே பிளான், 6,42,000தான். இது அநியாயம் இல்லையா, இந்த மதிப்பை எதிர்த்து ப்ரொட்டஸ்ட் செய்தால் இன்னும் ஏற்றிவிடுவார்களா, க்ரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது கவுன்டியோடு வம்பு எதற்கு என்று மனைவி சொல்கிறாரே, பேசாமல் ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி நாலு மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இவ்வளவு மெனக்கெட்டால் கையில் பணமாக ஏதாவது மிஞ்சுமா? அதற்குப் பதில் உங்கள் நோட்டீஸிலேயே இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பத்து ஆண்டுகளுக்கு மேலாக டாலஸுக்கு வடக்கே வங்கிக் கடனுக்காக வீடுகளுக்கு மதிப்பு போடுகிறேன். வக்கீல் இல்லை, கோர்ட் வரை போகிற விஷயம் என்றால் என் பேச்சை நம்பி இறங்காதீர்கள். நான் சொல்வது டெக்சாஸுக்கு மட்டும்தான். கலிபோர்னியாவில் இருக்கும் மச்சான் சொன்னார் என்று அங்குள்ள கணக்கை இங்கே போட்டுப் பார்க்க வேண்டாம். அங்கே 1978இல் வந்த ப்ராப்பொசிஷன் 13 படி வாங்கிய விலைதான் அடிப்படை, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நியூ ஜெர்சியில் பெரும்பாலான கவுன்டிகளில் ஏப்ரல் 1க்குள் மேல்முறையீடு செய்துவிட வேண்டும். எடிசனில் இருப்பவர் உங்களுக்கு ஆலோசனை சொல்லும்போது அவருக்கு வாய்ப்பே முடிந்துபோயிருக்கும். ஊருக்கு ஊர் சட்டம் வேறு.

இப்போது நோட்டீஸை மேசையில் விரியுங்கள். நீங்கள் சொன்ன 6,95,000 மார்க்கெட் வேல்யூ என்ற வரியில் இருக்கும். அதற்குக் கீழே ஹோம்ஸ்டெட் கேப் என்று ஒரு கழிவும், அதற்கும் கீழே அசெஸ்டு வேல்யூ என்று வேறொரு எண்ணும் இருக்க வேண்டும். டெக்சாஸில் ஹோம்ஸ்டெட் வாங்கி முதல் ஆண்டு கழிந்துவிட்டால், அந்த வீட்டின் வரிக்குரிய மதிப்பை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. நீச்சல் குளம் மாதிரி புதிதாகக் கட்டிச் சேர்த்தது மட்டும் இந்த வரம்புக்கு வெளியே. உங்களுக்கு போன ஆண்டு 6,10,000. அதில் 10 சதவீதம் 61,000. ஆகவே இந்த ஆண்டு அசெஸ்டு வேல்யூ 6,71,000க்கு மேல் போயிருக்க முடியாது. வரி இந்த 6,71,000க்குத்தான், 6,95,000க்கு இல்லை. கேப் என்ற வரியே நோட்டீஸில் இல்லையென்றால் ப்ரொட்டஸ்ட்டை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் ஹோம்ஸ்டெட் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்ததால் விண்ணப்பம் நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளி வரியில் மட்டும் 2025 முதல் 1,40,000 டாலர் கழிவு. அதைக் கோட்டைவிட்டு மதிப்பில் ஐயாயிரம், பத்தாயிரம் குறைக்கப் போராடுவது வாசலைத் திறந்துபோட்டுவிட்டு ஜன்னலுக்குப் பூட்டு தேடுவது மாதிரி. விண்ணப்பம் தாமதமாகிவிட்டாலும் வரி கட்டும் கெடுவிலிருந்து இரண்டு ஆண்டுவரை போட்டுக்கொள்ளலாம்.

கேப் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் ஆட்டம் 6,95,000லிருந்து தொடங்கவில்லை, 6,71,000லிருந்து தொடங்குகிறது. மார்க்கெட் வேல்யூவை 6,75,000க்கு இறக்கிவிட்டு வந்தீர்கள் என்றால் இருபதாயிரம் குறைத்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், வரியில் ஒரு சென்ட் குறையாது. 6,71,000க்குக் கீழே போகும் ஒவ்வொரு டாலரும்தான் காசு. வரி விகிதம் எல்லாம் சேர்த்து 100 டாலருக்கு 1 டாலர் 70 சென்ட் என்று வைத்து ஒரு கணக்கு போடுவோம். 6,45,000க்குக் கொண்டுவந்தால் 26,000 குறைகிறது, அதாவது 442 டாலர் மிச்சம். சிட்டியும் கவுன்டியும் சதவீதக் கணக்கில் கழிவு தருவதால் உண்மைத் தொகை இதைவிடக் கொஞ்சம் கம்மியாக இருக்கும். ஆனால் லாபம் இந்த ஒரு ஆண்டோடு முடிவதில்லை. அடுத்த ஆண்டின் 10 சதவீதம் இந்த ஆண்டு எண்ணின் மேல்தான் ஏறும். 6,71,000 என்று விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு 7,38,100 வரை போகலாம். 6,45,000 என்றால் 7,09,500தான் உச்சம். தவிர, ப்ரொட்டஸ்ட்டில் குறைக்கப்பட்ட மதிப்பை அடுத்த ஆண்டே ஏற்ற வேண்டுமென்றால், சாதாரண ஆதாரம் போதாது, தெளிவான, நம்பவைக்கும் ஆதாரம் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அடுத்தது அந்தப் பக்கத்து வீடு. பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 6,42,000 என்பது அவர்களுடைய எந்த வரி? அவர்கள் 2019இல் வாங்கி அன்றிலிருந்து ஹோம்ஸ்டெட்டோடு குடியிருந்தால், 6,42,000 என்பது கேப்புக்குப் பிறகான எண்ணாக இருக்கலாம். மேலே மார்க்கெட் வேல்யூ 7,00,000க்கு மேலேயே இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த வீடு உங்களுக்கு எதிரான சாட்சி. பல ஆண்டு குடியிருந்தவருக்குச் சட்டம் தரும் சலுகை அது, நேற்று வந்தவருக்குக் கிடைக்காது. எங்களுக்கும் கொடு என்று கேட்க வழியில்லை. ஒப்பிட வேண்டியது மார்க்கெட் வேல்யூவோடு மார்க்கெட் வேல்யூவை. வீடுகளுக்கு வரி மதிப்பு போடும் அலுவலகமான காலின் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் எந்த வீட்டின் விவரமும் வரும், ஒளிவு மறைவு கிடையாது. எதிர் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம், அவர் உங்களுடையதை எப்போதோ பார்த்திருப்பார்.

ப்ரொட்டஸ்ட் விண்ணப்பத்தில் காரணம் என்று பல கட்டங்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டு: சந்தை விலையைவிட அதிகமாகப் போட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று, ஒத்த வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்பது இன்னொன்று. இரண்டையும் டிக் செய்யுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அதைப் பற்றி அங்கே பேச முடியாமல் போகலாம். முதலாவதற்கு விற்பனை விலைகள் வேண்டும், இரண்டாவதற்கு மற்ற வீடுகளின் மார்க்கெட் வேல்யூ போதும். இந்த இரண்டுக்கும் வெளியே நீங்கள் என்ன பேசினாலும் ப்ரொட்டஸ்ட்டை விசாரிக்கும் அப்ரைசல் ரிவ்யூ போர்டின் காதில் ஏறாது. ஒரே ஆண்டில் 14 சதவீதமா என்பது வாதம் இல்லை. சம்பளம் ஏறவில்லை, இன்ஷூரன்ஸ் ஏறிவிட்டது, பள்ளிக்கு இவ்வளவு எதற்கு என்பதெல்லாம் நியாயம்தான், ஆனால் வரி விகிதத்தை வைப்பது பள்ளி டிஸ்ட்ரிக்ட், சிட்டி, கவுன்டி. அதைக் கேட்க வேண்டிய இடம் அவர்களுடைய பட்ஜெட் கூட்டங்கள். ரிவ்யூ போர்டுக்கு முன்னால் இருப்பது ஒரே கேள்வி: ஜனவரி 1ஆம் தேதி இந்த வீட்டின் மதிப்பு என்ன?

இதைச் சொல்லும் நானே முதல் தடவை என் சொந்த வீட்டுக்குப் போய்த் தோற்றவன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதில் வாத்தியாரே மக்கு. இணையதளம் ஒன்று காட்டிய மதிப்பீட்டை போனில் வைத்துக்கொண்டு போனேன். போனில் காட்டுவதை ஏற்க மாட்டோம், தாளில் கொடுங்கள் என்றார்கள். கையில் இருந்த மூன்று விற்பனைகளில் இரண்டு ஏப்ரல் மாதத்துடையவை, எதிர்ப்பக்கம் இருந்தவர் அதைச் சுட்டிக்காட்டினார். மீதி நேரமெல்லாம் என் வரி பில் மூன்று ஆண்டில் எப்படி ஏறியது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். போர்டின் சார்பில் விசாரித்த பேனலின் தலைவர், வயதான அம்மா ஒருவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி, வீட்டின் மதிப்பு எவ்வளவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?' என்றார். என்னிடம் எண் இல்லை. தினமும் இதே வேலையைச் செய்கிறவனிடம் எண் இல்லை! பத்து நிமிடத்தில் வெளியே வந்து கார் பார்க்கிங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆக, போகும்போது ஒரு எண்ணோடு போங்கள். அந்த எண் எப்படி வரும் என்று காட்டுகிறேன். உங்கள் காலனியிலேயே, அதே பில்டர் கட்டிய, வயதும் அளவும் நெருங்கிய ஐந்து வீடுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் மார்க்கெட் வேல்யூவையும் உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி சரிக்கட்ட வேண்டும்: அந்த வீடு நூறு சதுர அடி பெரிது என்றால் அதற்குக் கழிக்க வேண்டும், நீச்சல் குளம் இருந்தால் கழிக்க வேண்டும், மனை சிறிது என்றால் கூட்ட வேண்டும். சரிக்கட்டிய பிறகு 6,36,000, 6,41,000, 6,45,000, 6,62,000, 6,90,000 என்று வருகிறது என்று வைப்போம். சட்டம் கேட்பது சராசரியை இல்லை, வரிசையில் நடுவில் நிற்கும் எண்ணை. சராசரி 6,54,800, நடு எண் 6,45,000. உங்கள் எண் அதுதான். சதுர அடிக்கு எவ்வளவு கூட்டுவது, கழிப்பது என்று உங்கள் மனத்துக்குப் பட்டதைப் போடாதீர்கள். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்காரர்கள் தங்கள் ஆதாரத் தாளில் என்ன விகிதம் போட்டிருக்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்கை அவர்களே மறுக்க முடியாது. எனக்குச் சாதகமான வீடுகளை மட்டும் பொறுக்கியெடுத்தால் என்ன என்று தோன்றும். 6,90,000 வீட்டை நீங்கள் ஒளித்தால் அவர்கள் எடுத்துவைப்பார்கள், பேனல் அதற்குப் பிறகு உங்களுடைய மற்ற நாலையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

அந்தத் தாள் எப்படிக் கையில் வரும்? விண்ணப்பம் போடும்போதே, ஹியரிங்கில், அதாவது போர்டின் விசாரணையில், நீங்கள் காட்டப்போகும் ஆதாரங்களை எனக்குத் தாருங்கள் என்று டிஸ்ட்ரிக்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். ஹியரிங்குக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் அவர்கள் தந்தாக வேண்டும். கேட்டும் தராததை அன்றைக்கு எடுத்துக் காட்ட முடியாது. ப்ரொட்டஸ்ட்டில் மிகச் சிறிய வேலை இது, மிக அதிகப் பலன் தருவதும் இதுதான். அந்தத் தாள் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டின் சதுர அடி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு 3,390 சதுர அடி என்று போட்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கூடம் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்திருக்கும். மாடியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தால் கீழே சோபா தெரியும். அந்த வெற்றிடத்தையும் மாடியின் தரை என்று வரைபடத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து அளந்தோம், பையன் ஒரு முனை, நான் ஒரு முனை. 160 சதுர அடி இல்லாத தரை. அவர்கள் தாளில் சதுர அடிக்கு 90 டாலர் போட்டிருந்தார்கள், அதன்படி 14,400 டாலர் காற்றுக்குப் போட்ட மதிப்பு. பில்டர் கொடுத்த பிளானையும் மாடியிலிருந்து எடுத்த ஒரு போட்டோவையும் அனுப்பினோம், பேச்சே இல்லாமல் திருத்திக்கொண்டார்கள். ஆனால் ஒன்று, அவர்கள் வெளிச்சுவரை வைத்து அளப்பார்கள். அறை அறையாக உள்ளே அளந்துவிட்டு நூறு அடி குறைகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

விற்பனை விலையை வைத்து வாதாடுவதற்கு டெக்சாஸில் ஒரு தடங்கல் உண்டு. வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்று அரசிடம் சொல்லும் கட்டாயம் இங்கே இல்லை, பத்திரத்திலும் இருக்காது. அந்த விலைகள் ரியல்டர்களின் பட்டியலில்தான் கிடைக்கும். வீடு வாங்கித் தந்த ரியல்டரைக் கூப்பிட்டு, ஜனவரி 1க்கு முந்தைய ஆறேழு மாதத்தில் உங்கள் காலனியில் முடிந்த விற்பனைகளை அனுப்பச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புகிறவர் இதையும் அனுப்புவார். நீங்கள் வாங்கிய விலை உங்கள் நோட்டீஸைவிடக் குறைவா? 2024 விலை என்பதால் கொஞ்சம் பழையதுதான், இருந்தாலும் க்ளோசிங் தாளை வையுங்கள். அதிக விலைக்கு வாங்கியிருந்தால் நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பேனல் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், அங்கே சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டுத்தான் பேசுகிறோம்.

வீட்டின் குறைகள் தனிக் கணக்கு. நம் பகுதி மண் கரிசல் களிமண். மழையில் உப்பி, ஆகஸ்ட் வெயிலில் வெடித்துச் சுருங்கும், கூடவே ஃபவுண்டேஷனும் ஏறி இறங்கும். கதவு நிலையின் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஓடும் விரிசல், குளிர்காலத்தில் சாத்த முடியாமல் போகும் படுக்கையறைக் கதவு, வெளியே செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி பிளவு என்று ஏதாவது இருந்தால் விரிசலின் மேல் ஒரு குவார்ட்டர் நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள். ஃபவுண்டேஷன் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். விரிசல் இருக்கிறது என்று வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், எஸ்டிமேட் தாளில் தொகை இருந்தால்தான் பேனாவை எடுப்பார்கள். ஆனால் குறை ஜனவரி 1ஆம் தேதி இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் ஆலங்கட்டி மழையில் கூரை போனது அடுத்த ஆண்டுக்கான கதை. எஸ்டிமேட் தொகை முழுவதையும் பேனல் கழித்துக்கொடுக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒரே மாதிரி விரிசலுக்கு ஒரு பேனல் முழுதாகவும் இன்னொரு பேனல் பாதியாகவும் கழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அது. கடைசி நாள்வரை காத்திருக்காமல் ஆன்லைனில் இன்றைக்கே போட்டுவிடுங்கள், ஆதாரம் சேர்ப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு, ஹியரிங்குக்கு முன்பாகவே, டிஸ்ட்ரிக்ட் ஊழியர் ஒருவர் பேசுவார் அல்லது திரையில் ஒரு சமரசத் தொகை வரும். 6,74,000, சம்மதமா என்று கேட்கும். இருபத்தோராயிரம் குறைந்துவிட்டதே என்று கை தானாகச் சம்மதம் பட்டனுக்குப் போகும். உங்கள் 6,71,000ஐ நினைத்துக்கொள்ளுங்கள். சம்மதித்துவிட்டால் அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது, ஹியரிங் கிடையாது. 6,50,000 என்று வந்தால் நானாக இருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஐயாயிரத்துக்காக, அதாவது 85 டாலருக்காக, ஒரு நாள் லீவு போடுவது உங்கள் இஷ்டம்.

ஹியரிங் என்றதும் கோர்ட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு சின்ன அறை, உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் மூன்று பேர், எதிரே டிஸ்ட்ரிக்ட் அப்ரைசர் ஒருவர், மொத்தம் கால் மணி நேரம். மதிப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு டிஸ்ட்ரிக்ட்டுடையது, உங்களுடையது இல்லை. நான்கு பக்கம் போதும்: உங்கள் எண், ஐந்து வீட்டு அட்டவணை, குறைகளின் போட்டோ, எஸ்டிமேட். ஜூன், ஜூலையில் ஊருக்குப் போவதாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஏஜென்ட் வைக்காதவர் காரணம் சொல்லாமலே ஒரு முறை தள்ளிவைக்கக் கேட்கலாம். அல்லது பத்து நாளுக்கு முன் எழுதிக்கொடுத்து, ஆதாரங்களைப் பிரமாணப் பத்திரத்தோடு முன்கூட்டியே அனுப்பிவிட்டு போனில் ஆஜராகலாம். என் நண்பர் ஒருவர் கும்பகோணத்தில் அம்மா வீட்டிலிருந்து அப்படிப் பேசினார். இங்கே பகல் இரண்டு மணி, அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. கொசுவலைக்குள் உட்கார்ந்து, தூங்குகிறவர்கள் எழுந்துவிடாமல் அடங்கிய குரலில் பேசியிருக்கிறார். பேனலில் ஒருவர் சத்தமாகப் பேசச் சொன்னாராம். பதினெட்டாயிரம் குறைந்தது. வராமல் மட்டும் இருந்துவிடக் கூடாது. வராதவருக்கு மேலே போகும் உரிமையும் போய்விடும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ப்ரொட்டஸ்ட் செய்ததற்காக மதிப்பை ஏற்ற முடியாது. நோட்டீஸில் போட்டதைவிட அதிகமாக, நீங்களாகக் கேட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய, போர்டு நிர்ணயிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வீட்டுக்குள் வந்து பார்ப்பதற்கும் உங்கள் அனுமதி வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: பின்கட்டில் அவர்கள் ஏட்டில் இல்லாத அறையோ குளமோ இருந்து அது வெளியே தெரிந்தால், விட்டுப்போன சொத்து என்று முந்தைய மூன்று ஆண்டுவரை பின்னோக்கிச் சேர்க்க முடியும். அப்படி எதுவும் இல்லையென்றால் கவலை இல்லை. க்ரீன் கார்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இது வீட்டுச் சொந்தக்காரர் என்ற முறையில் உங்களுக்குள்ள உரிமை, குடியுரிமையைக் கேட்டுத் தரும் உரிமை இல்லை. போர்டும் உங்கள் விசாவைக் கேட்காது. மனைவியிடம் இதை அப்படியே காட்டலாம்.

கம்பெனி விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. நேரமே இல்லாதவருக்கு, வாடகைக்கு விட்ட வீடு இரண்டு மூன்று வைத்திருப்பவருக்கு அது வசதிதான். ஆனால் மிச்சம் என்று ஒப்பந்தத்தில் எதைச் சொல்கிறார்கள் என்று படியுங்கள். மார்க்கெட் வேல்யூ குறைந்ததை வைத்துக் கணக்குப் போடும் ஒப்பந்தம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், பங்கு 40 சதவீதம். உங்கள் வீட்டுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள்: 6,95,000லிருந்து 6,45,000, குறைந்தது 50,000, அவர்கள் கணக்கில் மிச்சம் 850 டாலர், அதில் 40 சதவீதம் 340. உங்கள் உண்மை மிச்சம் 442. கையில் நிற்பது 102 டாலர். 6,75,000க்கு மட்டும் இறக்கினார்களோ, வரியில் ஒன்றும் குறையாமலே அவர்களுக்கு 136 டாலர் எழுதித் தர வேண்டும். கேப்புக்குப் பிறகான மதிப்பில், உண்மையில் குறைந்த வரியில் மட்டும் பங்கு என்று எழுதித் தருபவராக இருந்தால் யோசிக்கலாம். என்னைப் போன்ற அப்ரைசரிடம் முழு ரிப்போர்ட் வாங்கி 14 நாளுக்கு முன் கொடுத்தால் டிஸ்ட்ரிக்ட்டின் நிரூபணச் சுமை இன்னும் கடினமாகும், பத்து லட்சம் டாலர்வரையுள்ள வீட்டுக்கு அந்த வழி உண்டு. அதற்கு ஆகும் செலவு உங்கள் 442ஐத் தின்றுவிடும். தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன், இந்த ஆண்டு வேண்டாம்.

போர்டின் முடிவு பிடிக்கவில்லை என்றால் உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் ஒருவர் முடிவு சொல்லும் முறை, கேட்கலாம். உங்கள் மாதிரி 5,00,000க்கு மேற்பட்ட ஹோம்ஸ்டெட்டுக்கு 500 டாலர் முன்பணம். ஆர்பிட்ரேட்டர் சொல்லும் மதிப்பு உங்கள் எண்ணுக்கு நெருக்கமாக வந்தால் 50 போகத் திரும்பி வரும், இல்லையென்றால் போனது போனதுதான். வழக்கு எதில் நின்றாலும் ஜனவரி 31க்குள் கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிடுங்கள். மாதாமாதம் உங்களிடம் வாங்கிச் சேர்க்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து வங்கி கட்டுகிறது என்றால் கட்டிவிட்டதா என்று டிசம்பரில் ஒரு தடவை பாருங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் இன்றிரவு ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பக்கத்து வீட்டு முகவரியைத் தட்டிப் பாருங்கள். மார்க்கெட் வேல்யூ என்ற வரியிலேயே 6,42,000 என்று இருந்தால் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி பிரின்ட் எடுத்துவைத்துவிட்டு, அதே தெருவில் அதே பிளானில் இன்னும் நாலு வீடு தேடுங்கள். 7,00,000க்கு மேல் இருந்தால் அந்த வீட்டை மறந்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் மாடிக்குப் போங்கள்.